ஓடலாம் என்று எழுதித் தரச் சொன்ன மகளுக்கு

மகள், பஸ் ஏறும்போது நீ ஸலாம் சொல்லாமல் போனாய். அதனால் நானே முதலில் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

நீ என்னிடம் கேட்டது நான்கு வரி. இரண்டு வருடத்துக்கு முன்னர் கால் முறிந்த ஒருத்தியை ஓட்ட அணியில் சேர்ப்பதென்றால், அந்தக் காலுக்குச் சிகிச்சை செய்தவர் "இவர் இனிப் போட்டியில் ஓடலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என உன் பல்கலைக்கழகத்தில் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சிகிச்சை செய்த பிசியோ நான் என்பதால் என்னிடம் வந்தாய். பெருநாள் முடிந்து நான்காம் நாள், பெட்டியின் சிப்பை இழுத்து மூடிக்கொண்டே, உப்புப் போத்தலை எடுத்துத் தரச் சொல்வது போலக் கேட்டாய். நான் "பார்ப்பம்" என்றேன். நீ நிமிர்ந்து, "பார்ப்பம் எண்டு சொல்றது உம்மாவா, பிசியோவா?" என்றாய். நான் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பாலாவிச் சந்தியில் கொழும்பு பஸ் வரும்வரை மூன்று பேரும் நின்றோம். வாப்பா மட்டும் ஹொஸ்டல் சாப்பாட்டைப் பற்றியும் நுளம்பு வலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார். நீயும் நானும் சந்தியில் திரும்புகிற லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று போயா விடுமுறை, கிளினிக் இல்லை. வாப்பா மதுரங்குளிக் கடைக்குப் போய்விட்டார். நான்கு வரியையும் எழுதிவிடலாம் என்று காலையிலேயே மேசையில் உட்கார்ந்தேன். உன் பெயரை எழுதினேன், எந்தக் கால், எந்த எலும்பு என்று எழுதினேன், அதற்கு மேல் பேனை போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை உனக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள் என்று உன் சாச்சி என்னைப் பற்றிச் சொல்வாள். அவள் சொல்வது சரிதான். எழுதினால் மட்டுமே என்னால் ஒரு விஷயத்தின் முடிவு வரைக்கும் போகமுடியும். ஆகவே நீ கேட்ட நான்கு வரிக்குப் பதிலாக இது வருகிறது. கோபம் வந்தாலும் முழுவதையும் வாசி.

நீ பிறந்தபோது எனக்கு இருபது வயது. பிசியோதெரபி படிக்க எனக்கு இடம் கிடைத்தபோது உனக்கு நான்கு வயது. உன்னைச் சாச்சியிடம் விட்டுவிட்டுப் போய், சனி ஞாயிறுகளில் வருவேன். வந்தால் உன்னைப் பாயில் படுக்க வைத்து, உன் முழங்காலையும் கணுக்காலையும் தொட்டுத் தொட்டு எலும்புகளின் பெயரைப் பாடமாக்குவேன். நீ கூசிச் சிரிப்பாய். "உம்மா, என்னத்தப் படிக்கிறீங்க?" என்று கேட்பாய். "உன்னத்தான்" என்பேன். பிறகு நாம் இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போகும்போது, ராத்தாவும் தங்கச்சியுமா என்று ஆட்கள் கேட்பார்கள். உனக்கு அதில் சந்தோஷம். எனக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது. தாயாக இருப்பதைச் சரியாகப் பழகாமலே உன்னை வளர்த்துவிட்டேனோ என்ற பயம் அது. இன்றைக்கும் அது போகவில்லை.

நீ ஓடத் தொடங்கியபோது வாப்பாவுக்கு விருப்பமில்லை. பள்ளிக்கூட மைதானத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்றார். உப்பளத்து வீதியில், விடிகிற நேரத்தில், வயதுக்கு வந்த பெண் ஓடுவதை நாலு பேர் பார்ப்பார்கள் என்றார். அவரோடு வாதாடியது நான். நீளக் காற்சட்டை, நீளக் கை, தலை மூடித்தான் ஓடுகிறாள், அதற்கு மேல் என்ன என்று கேட்டேன். அவர் கடைசியாக ஒரு காரணத்தைக் கையில் எடுத்தார்: "கால் கை முறிஞ்சா ஆரு பொறுப்பு?" நான் சொன்னேன், "நான் பொறுப்பு. நான் என்னத்துக்குப் படிச்சன்? நான் பாத்துக்கிறன்." அவர் சரி என்று விட்டுவிட்டார். கச்சான் காற்று எதிரே அடிக்கிற மாதங்களில், மோட்டார்சைக்கிளில் உனக்குப் பின்னால் மெதுவாக வந்தவர் அவர்தான். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாளிலிருந்து உன் கால் நான் வாப்பாவுக்குக் கொடுத்த வாக்காக ஆகிவிட்டது. வாக்குக் கொடுத்தவள் அதில் பிழை தேடமாட்டாள். பிழை இல்லை என்று காட்டத்தான் பார்ப்பாள்.

கால் முறிந்த வருடத்து நோன்புப் பெருநாளை நினைத்துப் பார். குசினியில் நாம் பெண்கள் மட்டும். சாச்சி புரியாணிச் சட்டியைக் கிளறிக்கொண்டே, "மகள் இந்த முற ஒரு நோன்பும் விடல்லயாம். முப்பதும் முழுசு. எங்களுக்கெல்லாம் இன்னும் களாக் கிடக்கு" என்று உன்னைச் சீண்டினாள். நீ வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். சாச்சி குரலைத் தாழ்த்தி, "ராத்தா, மாத்திர கீத்திர ஏதும் போட்டவளா?" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் எனக்கு ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ஓடுற புள்ளைகளுக்கு அப்பிடிப் பிந்தும் புள்ள, அது ஒண்டும் இல்ல" என்றேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். மாதத்தில் அந்தச் சில நாட்கள் நமக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. விட்ட நோன்பைப் பிறகு களாவாகப் பிடிக்கிறோம். ஆகவே நமது வீடுகளில் ஒரு பெண்ணின் உடம்பு ஒழுங்காக இருக்கிறதா என்று அறிய இரத்தப் பரிசோதனை தேவையில்லை. ரமழான் மாதத்தில் அவள் எத்தனை நோன்பை விட்டாள் என்று தெரிந்தால் போதும். ஆஸ்பத்திரியில் அந்நியப் பெண்களிடம் திரைக்குப் பின்னால் தயங்கித் தயங்கிக் கேட்டு எடுக்கிற ஒரு தகவலை, சாச்சி சட்டியைக் கிளறிக்கொண்டே என் கையில் தந்தாள். உண்பதைவிட அதிகமாக ஓடுகிற உடம்பு முதலில் அந்த ஒழுங்கைத்தான் நிறுத்தும், அது நின்றால் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்வது குறையும், அப்படிப்பட்ட எலும்பில் ஓட ஓட நுண்ணிய கீறல் விழும். இதை நான் பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்திருக்கிறேன். எழுதியவளும், குசினியில் நின்றவளும் ஒருத்திதான். ஆனால் முப்பது நோன்பு என்றதும் நான் அதை ஒரு நல்ல அமலாக, வணக்கமாகத்தான் பார்த்தேன். அறிகுறியாகப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நீ குசினிக்கு வந்து காலைக் கதிரையில் தூக்கி வைத்தாய். "கால் உளையுது உம்மா." உளைவு என்ற சொல்லை நாம் எதற்குப் பாவிக்கிறோம்? நாள் முழுக்க நின்று வேலை செய்தால் கால் உளையும். மழைக்கு முன்னால் முழங்கால் உளையும். அது ஒரு பாதுகாப்பான சொல். நான் கையைத் துடைத்துவிட்டு, காற்சட்டைக்கு மேலாலேயே கீழ்க்காலின் முன்னெலும்பை அழுத்தினேன். "இங்கயா?" "அங்கயுந்தான்." "ஓடக்குள்ள கூடுதா, குறையுதா?" "முதல்ல நோகும், ஓட ஓடத் தெரியாது." எலும்பைச் சுற்றியுள்ள சவ்வும் தசையும் இழுபட்டு வருகிற வலிக்கு அதுதான் சரியான விடை. கீறல் விழுந்த எலும்பு ஓட ஓடக் கூடுதலாக நோகும், படுத்தாலும் நோகும். நீ சரியான விடையைச் சொன்னாய் என்று நான் நிம்மதியானேன். அலுமாரியில் இருந்த என் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நீ முதல்நாளே வாசித்திருந்தாய் என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். நீ சொன்னபோது நான் சிரித்தேன். உண்மையில் அது சிரிக்கிற விஷயமல்ல. பிசியோவின் பிள்ளைக்கு எந்தப் பதிலைச் சொன்னால் ஓடவிடுவார்கள் என்று தெரியும். பிசியோவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அதே கிழமை கல்பிட்டிப் பக்கமிருந்து ஒரு கத்தோலிக்கப் பெண் கிளினிக்குக்கு வந்தாள். உன்னைவிட மூன்று வயது கூட இருக்கும். பொலிஸ் வேலைக்கு விண்ணப்பித்து, உடற்தகுதிப் பரீட்சைக்காகக் கடற்கரையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள். "கால் முழுக்க நோகுது மிஸ்" என்றாள். "முழுக்க வேணாம். ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்றேன். அவளால் ஒரு விரலால் காட்ட முடியவில்லை. உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிக் காட்டினாள். அது நல்ல அறிகுறி. கீறல் என்றால் விரல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும். ஒற்றைக் காலில் துள்ளச் சொன்னேன், துள்ளினாள். எத்தனை கிழமையாக ஓடுகிறாள், எவ்வளவு தூரத்தைக் கூட்டினாள், மணலிலா தாரிலா, எந்தச் சப்பாத்து, காலையில் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டு ஒவ்வொன்றையும் அட்டையில் எழுதினேன். கடைசியாக, "மாசா மாசம் ஒழுங்கா வருதா?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "வராட்டி எங்கட அம்மா விட்டு வைப்பாவா மிஸ்? என்னைவிட அவதான் கலண்டரப் பாத்துக்கொண்டிருக்கிறா." நானும் சிரித்தேன். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, கெண்டைச் சதைக்குப் பயிற்சி கொடுத்து, அடியைச் சின்னதாக எடுத்து வைக்கப் பழக்கினேன். ஆறு கிழமையில் சுகமாகிப் போனாள். அவளுக்கு நாற்பது நிமிடம் கொடுத்தேன். உனக்குக் கொடுத்தது அடுப்பில் எண்ணெய் காய்கிற நேரம். உனக்கு ஒரு அட்டைகூட நான் திறக்கவில்லை. வீட்டுப் பிள்ளைக்கு யார் அட்டை திறப்பார்கள் என்று நினைத்தேன்.

பிறகு இரண்டு மாதம் ஐஸ் வைத்தோம், பிளாஸ்டர் ஒட்டினோம், ஓடு என்று விட்டேன். குருநாகலில் மாகாணப் போட்டி. ஆயிரத்து ஐந்நூறு மீற்றர். நானும் வாப்பாவும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது சுற்றில், வளைவில், உன் இடது அடி குறுகுவதை நான் பார்த்தேன். மற்ற எவருக்கும் அது தெரிந்திருக்காது. பார்த்த உடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இரண்டு மாதமும் மூடி வைத்திருந்தது முழுவதும் ஒரே நேரத்தில் விளங்கியது. நீ விழவில்லை. ஒற்றைக் காலில் நின்றாய். "ஏன் நிக்கிறா?" என்று வாப்பா கேட்டார். நான் எழும்பி மைதானத்துக்குள் இறங்கினேன். வான் வண்டியில் உன்னைப் படுக்க வைத்துக் கொண்டுபோகும்போது அவர் ஒரேயொரு வசனம் சொன்னார். "நீ பாத்துக்கிறன் எண்டாய்." அதன்பிறகு இன்றுவரை அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அங்கே உன்னைப் பார்த்த பெண் டொக்டர் சிங்களத்தில் கதைத்தார். படத்தைப் பார்த்தார், இந்த வயதில் இந்த எலும்பு இப்படி முறிவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்றார். கடைசியாக எப்போது வந்தது என்று உன்னைப் பார்த்துக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய், பிறகு அவரைப் பார்த்தாய். "மாஸ ஹதக்" என்றாய். ஏழு மாதம் என்பதை நான் முதன்முதலாக வேறொரு மொழியில் கேட்டேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அவர் என்னைத் திட்டவில்லை. ஏழு என்ற எண்ணை எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டம் போடுகிற நேரம்தான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். ஊன்றுகோல், பிறகு ஊன்றுகோல் இல்லாமல், பிறகு நடை, பிறகு ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கிற பயிற்சி. இவற்றை நான் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. உன் காலின் பலத்தை மற்றக் காலோடு ஒப்பிட்டு ஒவ்வொரு கிழமையும் எழுதினேன். உன்னோடு இருந்து சாப்பிட்டேன். நீ போதும் என்றால் நானும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுவேன், அதற்குப் பயந்து நீ இன்னும் இரண்டு கவளம் எடுப்பாய். முறிந்து எட்டாம் மாதம் ஒழுங்கு திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் நான் இன்னொரு பிழையைத் தொடங்கிவிட்டேன். மாதம் பிறந்தால் உன் அறை வாசலில் வந்து நின்று, "வந்திச்சா?" என்பேன். நீ பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும், தொலைபேசியில் ஸலாத்துக்கு அடுத்த சொல் அதுதான். "ஓம் உம்மா" என்பாய். எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்கு எப்படி இருந்திருக்கும்? வந்தது என்றால் ஓடலாம், வரவில்லை என்றால் நிறுத்து. ஒரு கேள்வியின் இரண்டு பதில்களில் ஒன்றுக்கு மட்டும் தண்டனை வைத்துவிட்டு, உண்மையைச் சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கல்பிட்டிப் பெண்ணின் தாயைப் போல நானும் கலண்டரைப் பார்க்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அவளுடைய தாய் பார்த்ததில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை என்பதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இனி எழுதப்போவதுதான் நேரே சொல்ல முடியாதது. இந்த ரமழானில் நீ வீட்டில் இருந்தாய். பதினோராம் நாள் காலையில் குசினிக்கு வந்து, "இண்டைக்கு எனக்கு நோன்பு இல்ல உம்மா" என்றாய். முதல்நாள் மிஞ்சிய பாணை எடுத்து, தேத்தண்ணியில் தோய்த்து, என் முன்னாலேயே சாப்பிட்டாய். எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைத்தேன், ஆனால் உனக்குத் தெரிந்திருக்கும். மகள் நோன்பை விட்டதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்ன தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூன்றாம் நாள் பின்னேரம், அஸர் நேரம், காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் வந்தேன். உன் அறை யன்னல் முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. நீ கதவைப் பூட்டிவிட்டு, அலுமாரிக்கும் கட்டிலுக்கும் இடையில் முஸல்லாவை விரித்துத் தொழுதுகொண்டிருந்தாய், நெற்றி நிலத்தில், ஸுஜூதில்.

வந்திருந்தால் நீ தொழமாட்டாய். நான் உடுப்புகளோடு அப்படியே நின்றேன். நெடுநேரம் நீ தலையைத் தூக்கவில்லை. என் முன்னால் பாண் சாப்பிட உன்னால் முடிந்திருக்கிறது. தொழுகையை விட முடியவில்லை. நோன்பை விட்ட பாவத்தைப் பகிரங்கமாகச் சுமந்துகொண்டு, தொழுகையைக் களவாகத் தொழுதாய். நான் அறிந்தவரையில் களவாகத் தொழ வேண்டி வந்த பிள்ளை நீ ஒருத்திதான். மற்றத் தாய்மார் பிள்ளை தொழாமல் விடுவாளோ என்றுதான் பயப்படுவார்கள். நான் பயந்தது உன்னைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி. ஒரு பொய்யைச் சொல்ல உனக்கு இந்த ஒரு வழியைத்தான் நான் விட்டு வைத்திருந்தேன். ஆறு நாள் நடித்தாய். மூன்றாம் நாளிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் உனக்கு முட்டை பொரித்துத் தந்ததும் நான்தான். தெரிந்துகொண்டே தந்தேன். வாயைத் திறந்து ஒரு சொல் கேட்டிருந்தால் நீ உடைந்து போவாய் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மை என்னவென்றால், கேட்டால் பதிலைக் கேட்க வேண்டி வரும். பெருநாள் வரைக்கும் சமாதானமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். முதல் தடவை தெரியாமல் மூடினேன். இந்தத் தடவை தெரிந்து மூடினேன்.

ஆகவே நீ கேட்ட கேள்விக்குப் பதில்: பார்ப்பம் என்றது உம்மாதான். பிசியோவாக இருந்திருந்தால் அங்கேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, உன்னை இருத்தி, அட்டையை எடுத்திருப்பாள். உன் கால் இப்போது பலமாக இருக்கிறது. துள்ளச் சொன்னால் துள்ளுவாய், விரலால் காட்டச் சொன்னால் காட்ட ஒரு இடமும் இருக்காது. கம்பி இருக்கிற எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது. யாரும் உன் காலை மட்டும் பார்த்தால் ஓடலாம் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் உனக்கு இரண்டு கால், இடுப்பு, முதுகு, எல்லாம் இருக்கிறது. தொடையெலும்பின் கழுத்தில் கீறல் விழுந்து நடக்கவே முடியாமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த வயதில் சேர்க்க வேண்டிய எலும்பைப் பிறகு சேர்க்க முடியாது. அதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நீ என் புத்தகங்களை வாசித்தவள், எதையும் மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஓடுவதை நிறுத்தாமலே இதைச் சரிசெய்தவர்களும் இருக்கிறார்கள், தூரத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி, சில மாதம் போட்டியைத் தள்ளிப்போட்டு. நீ அவர்களில் ஒருத்தியாக இருக்கலாம். அதை முடிவு செய்ய உண்மையான விவரம் வேண்டும், அதை என்னிடம் நீ தரமாட்டாய். தரமாட்டாய் என்பதில் உன் பிழையை விட என் பிழை கூட.

அந்த ஆறு நோன்பைப் பற்றி நான் ஒருநாளும் கேட்கமாட்டேன். களாவை அவசரப்பட்டு ஒரே மூச்சில் பிடித்து உடம்பை இன்னும் வருத்தாதே. சுகமில்லாதவள் எப்போது பிடிக்கலாம் என்று தெரிந்த ஒருவரிடம் கேள். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று நான் துஆவில் சொல்லிக்கொள்கிறேன். தொலைபேசியில் இனி "வந்திச்சா" என்றும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருக்காது. நான் கேட்காமல் மௌனமாக இருக்கிற அந்த இடைவெளி உனக்குக் கேட்டால், அதைப் பொறுத்துக்கொள்.

ஓடலாம் என்று நான் எழுதவில்லை. ஓடக்கூடாது என்றும் எழுதவில்லை. இரண்டையும் எழுத எனக்குத் தகுதி இல்லை, நான் உன்னைப் பார்க்கும்போது பாதிக் கண் மூடித்தான் இருக்கிறது. உன் பல்கலைக்கழகத்துக்குக் கிட்டவே ஓட்டக்காரர்களைப் பார்க்கிற ஒரு பெண் பிசியோ இருக்கிறார், என்னோடு படித்தவர் அல்ல, எனக்குப் பழக்கமும் இல்லை. அதனால்தான் அவரைத் தெரிவு செய்தேன். இந்தக் கடிதத்தோடு அவருக்கு ஒரு அட்டை வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் நான் எழுதுகிற முறையிலேயே. எந்த எலும்பு, எந்த நாள், என்ன கம்பி, என்ன பயிற்சி, எவ்வளவு பலம். முறிவதற்கு முன்னர் இரண்டு மாதம் பிழையாக இனங்காணப்பட்டது என்றும், பிழையாக இனங்கண்டவர் தாய் என்றும் எழுதியிருக்கிறேன். உறையை நான் ஒட்டவில்லை. எடுத்து வாசி.

அதில் ஒரு வரியை மட்டும் நிரப்பாமல் விட்டிருக்கிறேன். கடைசி மாதவிடாய் வந்த திகதி. அங்கே என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், ஆனால் அது நான் எழுதுகிற வரி அல்ல. உண்மையை எழுதினால் இந்த வருடப் போட்டி உன் கையை விட்டுப் போகலாம். வேறொரு திகதியை எழுதினால் அங்கே எவராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் யாரையும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டேன். தெரிந்தேதான் அப்படி விட்டிருக்கிறேன். மற்ற வரிகளையெல்லாம் கறுப்புப் பேனையால் எழுதினேன். நீயும் கறுப்பாலேயே எழுது, ஒருவர் எழுதிய அட்டை போல இருக்கும்.

உன் உம்மா